சோலியில்லாத கொப்பி

மல்லாவிக் கடைத்தெருவில் ஐயப்பன் ஒரு கறுப்பு மூட்டையின் மேல் இருந்தபடி விற்பனையானார். அங்கிருந்த சீடிக்கடையில் தொங்கிய பக்திப் பாட்டு டிவிடியின் உறையைத்தான் சொல்கிறேன். சுவாமிக்குக் கீழே இருந்த வாகனத்தைக் கடைக்காரர் மார்க்கர் பேனாவால் தலையிலிருந்து வால்வரை கறுப்படித்துவிட்டார். அவசரத்தில் அடித்த சில உறைகளில் வால் நுனி மட்டும் தப்பி, ஐயப்பனுக்கே வால் முளைத்ததுபோல நின்றது.

மாலை போட்டிருந்த ஒரு குருசாமி அதைக் கையில் எடுத்துப் பார்த்துக் கொதித்துப்போனார்.

"இதென்ன கூத்து? சுவாமியை நெல்லு மூட்டையில இருத்தி வைச்சிருக்கிறீர்?"

"சுவாமி கோவிக்க மாட்டார் குருசாமி. அவருக்கு எல்லாம் விளங்கும். மற்ற ஆக்களுக்குத்தான் விளங்காது."

"மற்ற ஆக்கள் எண்டால் ஆர்?"

கடைக்காரர் தெருவின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு, "எனக்கேன் சோலி, வீண் வம்பு" என்று சொல்லிவிட்டு டிவிடிகளைத் துணியால் துடைக்கத் தொடங்கினார்.

அந்த மனுசனைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அன்பாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். பேரையும் எழுதப்போவதில்லை. தன் பேர் எங்கும் வந்துவிடக்கூடாது என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கப் பட்ட பாடு. அவருக்கு அந்த உதவியைச் செய்ய எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் அந்தப் பேரை எழுத என் கை வரவில்லை, அவ்வளவுதான்.

சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. தோற்றுப்போன இயக்கத்தின் சின்னம் புலி. சந்திக்குச் சந்தி இராணுவ முகாம் இருந்தது. பயம் எல்லாருக்கும்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் மற்றவர்கள் பயத்தை வீட்டுக்குள் வைத்துக்கொண்டார்கள். இவர் அதைக் கடை போட்டு விற்றார்.

அவர் கடைக்குப் பக்கத்தில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் நான் வேலை செய்தேன். இரண்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவர் தும்மினால் எனக்குக் கேட்கும். மடிப்புக் குலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் கொஞ்சம் திருநீறு, சட்டைப் பையில் அந்த மார்க்கர். யாரோடும் குரல் உயர்த்திப் பேச மாட்டார். சின்னப் பிள்ளைக்கும் "வாங்கோ, இருங்கோ" தான். கம்பியூட்டர் வேலையில் கெட்டிக்காரர். படத்தை வெட்டுவார், ஒட்டுவார், எங்கே வெட்டினார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. அந்தக் கெட்டித்தனத்தை என்னத்துக்குப் பயன்படுத்தினார் என்பதுதான் கதை.

பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருவர் பிள்ளைகளுக்குக் காட்ட வனவிலங்குப் படம் ஒன்று கேட்டு வந்தார். கடைக்காரர் ஒரு டிவிடி கொடுத்தார். அதில் யானை வந்தது, சிங்கம் வந்தது, கரடி வந்தது. அவர் சொல்லாத மற்ற விலங்கு வரவில்லை. சிறுத்தையைப் பற்றிக் கொஞ்சக் காலம் யோசித்தாராம். பிறகு, அதுவும் அவர்களுக்குச் சொந்தக்காரன்தானே என்று அதையும் வெட்டிவிட்டார். பழப்புளி வாங்கப் போனாலும், "கறிக்குக் கரைச்சு விடுற அந்தச் சாமான் தாங்கோ" என்றுதான் கேட்பார் என்று தேத்தண்ணிக்கடையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் காதுபடவே சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார்.

நானும் அந்த நாட்களில் சிரித்தேன். ஒரு கலியாண டிவிடி வரும்வரை.

அந்தக் கலியாணத்தில் மாப்பிள்ளைக்குத் தோழனாக நின்றவர் பெண்ணின் சொந்தத் தமையன். அவருக்கு ஒரு கால் இல்லை. கூட்டுறவுக் கடையில் சீனி நிறுத்துக்கொண்டிருந்த மனுசன். கடைக்கு மேல் விழுந்த செல் குண்டு காலைக் கொண்டுபோய்விட்டது. இயக்கத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கலியாண வீடியோவை வெட்டித் தொகுக்கிற வேலை நம்முடைய கடைக்காரரிடம் வந்தது. டிவிடியைப் போட்டுப் பார்த்தால் தோழனைக் காணவில்லை. மாப்பிள்ளை மணவறையில் இருந்துகொண்டு பக்கத்தில் யாருடனோ கதைத்துச் சிரிக்கிறார், பக்கத்தில் யாருமில்லை. அந்தப் பிள்ளை கலியாணத் தாலியோடு கடை வாசலில் வந்து நின்று அழுதது எனக்கு இன்றைக்கும் கேட்கிறது.

"என்ர அண்ணையை ஏன் வெட்டினனீங்கள்?"

"தங்கச்சி, அழாதேங்கோ. இந்த டிவிடி வெளிநாட்டுக்கும் போகும். ஆர் ஆர் பாப்பினமோ தெரியாது. காலில்லாத ஒரு ஆம்பிளையைக் கண்டால் என்ன கேப்பினம் எண்டு உங்களுக்குத் தெரியாதே? அண்ணைக்கு நல்லதுக்குத்தான் செய்தனான்."

"அவர் சீனி நிறுத்தவர்!"

"அது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும்" என்றார் கடைக்காரர். துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

கடைக்காரரை ஒருமுறை ஆமிக்காரர்கள் கூட்டிக்கொண்டுபோய் விசாரித்துக் கன நாள் வைத்திருந்தார்கள், திரும்பி வந்த பிறகுதான் இப்படி ஆனார் என்று ஊரில் கதை இருந்தது. அது உண்மையாகவே இருக்கலாம். பாவம் என்று அம்மா சொல்வார். எனக்கு ஒரு பாவமும் வரவில்லை. அடி வாங்கினவர் ஊருக்குள் எத்தனையோ பேர். அவர்கள் யாரும் இன்னொருவர் வீட்டுக் கலியாணத்தில் ஆளைக் கொன்றுபோடவில்லை.

இனி என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே எங்கள் குடும்பம் கடல் கடந்து இந்தியாவுக்குப் போய்விட்டது. தமிழ்நாட்டில் ஒரு அகதி முகாமில்தான் வளர்ந்தேன். முகாம் ஆம்பிளைகள் எல்லாரையும்போல அப்பாவும் பெயின்ற் அடிக்கும் வேலைக்குப் போனார். ஒருமுறை அப்படிப் போன இடம் ஒரு சினிமாப் படப்பிடிப்பு. ஏரி வெட்டிய சோழ அரசி ஒருத்தியின் கதையாம். அட்டையிலும் சாந்திலும் கட்டிய கோட்டைச் சுவருக்குக் கல் நிறம் அடிக்க வேண்டும். அப்பா அடித்துக்கொண்டிருந்தபோது, ஊர்வலத்தில் கொடி பிடித்து முன்னால் நடக்க வேண்டிய ஆள் வெயிலில் மயங்கி விழுந்துவிட்டான். அப்பா நல்ல உயரம். ஏணியிலிருந்து இறங்கச் சொல்லி, வேட்டியும் தலைப்பாகையும் கட்டிவிட்டு, கையில் கொடியைக் கொடுத்து நடக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா நடந்தார்.

சண்டை முடிந்த பிறகு ஊருக்குத் திரும்பி வந்தோம். திரும்பி வந்தவர்களை ஊர் அப்படி ஒன்றும் தலையில் தூக்கி வைக்கவில்லை. நாங்கள் "ஓம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய் தவறி "ஆமா" என்று சொன்னால் போதும், சிரிப்பார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, சண்டை முழுவதும் இங்கேயே நின்றவர். இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். அவருக்கு எங்கள் மேல் ஒரு கோபம் உள்ளுக்குள் இருந்தது. பகிடிபோல அடிக்கடி சொல்வார்:

"நாங்கள் இங்க செல்லுக்கை நிக்கேக்கை நீங்கள் அங்க இருந்து படம் பாத்தனீங்கள் அத்தான்."

அதற்கு அப்பா சொல்வார்: "நான் படம் பாக்கேல்லையடா. படத்துக்குள்ள நிண்டனான்."

அப்பா ஊருக்குக் கொண்டுவந்தது அந்த ஒரு கதைதான். வேறு சொத்துமில்லை, பெருமையுமில்லை. தேத்தண்ணிக்கடை வாங்குப் பலகையில் இருந்தபடி அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பாதிப்பேர் நம்பினார்கள், பாதிப்பேர் படம் வரட்டும் பார்ப்போம் என்றார்கள். அப்பா சொல்வது உண்மையா பொய்யா என்பது அந்தப் படத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

படம் வந்தது. பேப்பரெல்லாம் புகழ்ந்தது, விருதும் கிடைத்தது. வவுனியாவில் தியேட்டரில் ஓடியபோது அப்பா மூச்சிழுப்பு வந்து எழும்ப முடியாமல் கிடந்தார். இழுப்பு அடங்கி எழும்பும்போது படத்தைத் தூக்கிவிட்டார்கள். இனி டிவிடி வந்தால்தான். அப்பா தினமும் பின்னேரம் சீடிக்கடைக்குப் போய், "வந்திட்டுதே தம்பி?" என்று கேட்டுவிட்டு வருவார்.

ஒருநாள் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கடைக்காரரே கூப்பிட்டார்.

"பிள்ளை, கொப்பர் கேட்டுக்கொண்டிருந்த படம் வந்திட்டுது. கொழும்பில இருந்து ஒரிஜினல் எடுப்பிச்சிருக்கிறன்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். பொன்னெழுத்துப் போட்ட பெட்டி. அரசியின் முகம் பெரிதாக இருந்தது. அவளுக்குப் பின்னால் ஒரு கம்பத்தின் உச்சியில் கறுப்பு மை இன்னும் காயாமல் மினுங்கியது.

"தாங்கோ, கொண்டுபோறன்."

"அவசரப்படாதேங்கோ. ரெண்டு நாள் பொறுங்கோ, சோலியில்லாத கொப்பி ஒண்டு அடிச்சுத் தாறன்."

சோலியில்லாத கொப்பி! கேட்டும் எனக்கு உறைக்கவில்லையே. திக்கித் திணறி நில்லாமல் ஓடுகிற கொப்பி என்று நினைத்துக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டில் திருவிழா. அயலில் இருந்த கதிரையெல்லாம் வந்தது. மாமா முன்னுக்கு இருந்தார். அம்மா பெரிய கேத்தலில் தேத்தண்ணி போட்டார். அப்பா சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு ரீவிக்குப் பக்கத்தில் நின்றார். இருக்கச் சொன்னால் இருக்கமாட்டார். "இந்தா, இப்ப ஏரி வெட்டி முடியுது. இனிப் பல்லக்கு வரும். பல்லக்குக்கு முன்னால நான்" என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

பல்லக்கைத் தூக்கினார்கள். அடுத்த கணம் மதகு திறந்து தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அரசி கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். ஊர்வலம் என்று ஒன்று இல்லவே இல்லை.

"இன்னொருக்காப் போடு" என்றார் அப்பா.

போட்டேன். பல்லக்கு, தண்ணீர்.

"கொஞ்சம் பின்னுக்குப் போ பிள்ளை."

போனேன். பல்லக்கு, தண்ணீர். முதலில் மாமாதான் தொடங்கினார்.

"அத்தான், தண்ணிக்குள்ளால சுழியோடி வந்தனீங்களோ?"

வீடு அதிரச் சிரித்தார்கள். கேவலமாகச் சிரிக்கவில்லை, கிட்டடிச் சனம்தான், பகிடிக்குத்தான் சிரித்தார்கள். ஆனால் அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். "படமெடுத்தவங்கள் வெட்டிப்போட்டாங்கள் போல" என்றார். அதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, மிச்சப் படத்தைப் பார்த்து, நல்ல படம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள் தேத்தண்ணிக்கடையில் அப்பாவுக்குப் புதுப் பேர் வந்துவிட்டது: ராணியின்ர ஆள். அப்பா ஏதாவது சொல்ல வாயெடுத்தால், "இதுவும் தண்ணிக்குள்ள நடந்ததோ?" என்று கேட்டார்கள். முகாமில் நாங்கள் பட்ட பாடுகளைச் சொன்னாலும் அதே கேள்விதான். அங்கே போய்ச் சுகமாக இருந்துவிட்டு வந்து அளக்கிறார் என்று முடிவு செய்துவிட்டார்கள். கடைக்காரரும் அதே வாங்கின் நுனியில் பேப்பரை விரித்துக்கொண்டு இருப்பாராம், தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடிப்பாராம். அப்பா தேத்தண்ணிக்கடைக்குப் போவதை நிறுத்தினார். வீட்டில் இருந்து அந்த இடத்தையே போட்டுப் போட்டுப் பார்த்தார். ஒருநாள், "நான் உண்மையா நடந்தனானோ, இல்லாட்டிக் கனவோ" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா குசினிக்குள் போய் அழுதார்.

உண்மை வெளியே வந்தது ஒரு ஆமிக்காரனால். ஆமிக்காரர்களும் அந்தக் கடையில் படம் வாங்குவார்கள். சிங்களப் பாட்டு, ஹிந்திப் படம், கீழே எழுத்து ஓடினால் தமிழ்ப் படமும். ஒருநாள் மத்தியானம் ஒருவன் அந்த அரசி படத்தோடு திரும்பி வந்து நின்றான். நான் பலகைக்கு இந்தப் பக்கம் தாளடுக்கிக்கொண்டிருந்தேன்.

"முதலாளி, இது சரியில்ல. நான் கொழும்புல பாத்தது. ராணி வாறது, முன்னால ஒரு ஒசந்த ஆள் கொடி பிடிச்சு வாறது. நல்ல சீன். இதுல இல்ல."

"அது... மெசின் பிழை சேர்."

"கொடி வாற படம் தாங்க."

"இல்லை சேர். கொடி ஒண்டும் எங்களிட்ட இல்லை சேர். எங்களிட்ட ஒண்டுமே இல்லை சேர்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைக்காரர் வேறு இரண்டு படத்தை அவன் கையில் திணித்து அனுப்பினார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அடுக்கின தாளை அப்படியே போட்டுவிட்டு அந்தப் பக்கம் போனேன்.

"அப்பா வாற இடத்தை வெட்டினனீங்களோ?"

அவர் முதலில் ரீவியின் சத்தத்தைக் கூட்டினார். அம்மன் பாட்டு ஒன்று அலறியது. அதற்குள்ளே மெதுவாகச் சொன்னார்.

"ஓம் பிள்ளை. கண்டனான். கொப்பர்தான். முகம் முழுக்க வருது. கையில கொடி. கொடியில..." விரலால் காற்றில் வரிவரியாகக் கீறினார். "இதை ஊர் முழுக்க வித்து, ஆரும் போனில படமெடுத்துக் கொண்டுபோய்க் குடுத்தால்? இந்தியாவில இருந்து வந்தவர், கொடியோட நிக்கிறார் எண்டு சொன்னால்? அது சினிமாவோ எண்டு ஆர் கேப்பான்?"

"அது சோழரின்ர கொடி! ஆயிரம் வருசத்துக்கு முந்தினது!"

"சோழரை ஒருத்தரும் பிடிக்கப்போறேல்லை. கொப்பரைத்தான் பிடிப்பாங்கள்."

"இப்ப வந்தவன் ஆமிக்காரன்! அவனே கொடி வேணுமெண்டு கேக்கிறான். நீங்கள் ஆருக்குப் பயந்து வெட்டுறியள்?"

"அவன் சோதிச்சுப் பாக்க வந்தவன் பிள்ளை. உங்களுக்கு விளங்காது."

எனக்கு உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது. "சரி, வெட்டினனீங்கள். தேத்தண்ணிக்கடையில அப்பாவை எல்லாரும் பொய்யன் எண்டு சிரிக்கேக்கை நீங்கள் பக்கத்தில இருந்தனீங்கள்தானே? ஓம், இவர் நிண்டவர், நான் கண்டனான் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் என்ன?"

"சொன்னால் நான் வெட்டினதும் தெரியவருமெல்லோ. எனக்கேன்..."

"சொல்லாதேங்கோ! அந்தச் சொல்லை மட்டும் சொல்லாதேங்கோ!" தெருவுக்கே கேட்கக் கத்தினேன். "ஒரிஜினலைத் தாங்கோ!"

"அது இல்லை. உடைச்சு எரிச்சுப்போட்டன்."

கண்டறியாத மனுசன்! அடுத்த நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வவுனியாவுக்குப் பஸ் ஏறினேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் அந்தப் படத்தைச் சாக்லேட்போல அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பெட்டியிலும் கொடி பளிச்சென்று நின்றது. வாசலில் ஒரு பொலிஸ்காரர் மோட்டார் சைக்கிளில் இருந்து ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து நாங்கள் மூன்று பேர் மட்டும் இருந்து பார்த்தோம். பல்லக்கைத் தூக்கினார்கள். அதன் பிறகு, இந்தா, அப்பா! வெறும் மேலோடு, தலைப்பாகையோடு, கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நேரே எங்களை நோக்கி நடந்து வந்தார். காற்றில் துணி முகத்தில் அடிக்கக் கண்ணைச் சுருக்கினார். பிறகு பல்லக்கு மறைத்துவிட்டது. அவ்வளவுதான்.

"வயித்தை எக்கிக்கொண்டு நடக்கிறியள்" என்று அம்மா சிரித்தார்.

"வெயில் சுட்டது. கொதிக்கிற மண்" என்றார் அப்பா. "பின்னால பார், அந்தச் சுவர். நான் அடிச்சது. கல்லெண்டுதானே நினைப்பாய்?" இன்னொரு முறை போடச் சொன்னார். பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். எத்தனையோ கிழமைக்குப் பிறகு அப்பாவின் சிரிப்பைக் கேட்டேன். "நாளைக்குப் பின்னேரம் எல்லாரையும் கூப்பிடு. மாமாவை முன்னுக்கு இருத்து."

அம்மாவுக்கு வாய் நிற்குமா? வேலிக்கு மேலால் மாமிக்குச் சொன்னார். "நாளைக்கு வாங்கோ, ஒரு சாமான் காட்டுறம்" என்று. அது எப்படியோ கடைத்தெருவுக்குப் போய்விட்டது. பொழுதுபடுகிற நேரம் அந்த மனுசன் சைக்கிளில் வந்து எங்கள் வேலிப் படலையில் நின்றார். உள்ளே வரவில்லை. அப்பாதான் எழுந்து போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். கடைக்காரர் வழக்கம்போலத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு கதைத்தார். விட்டுவிட்டுத்தான் எனக்குக் கேட்டது.

"...கடல் கடந்து வந்த ஆக்களின்ர பேர் பதிவில கிடக்குமண்ணை..."

"...என்னட்டையும் ஒரு போட்டோவைக் காட்டித்தான் முதல் கேட்டவங்கள்..."

"...உங்களுக்கு ஒரு பொம்பிளைப் பிள்ளை இருக்கு..."

"போங்கோ வெளியால!" என்று கத்திக்கொண்டு படிகளில் இறங்கினேன். அப்பா திரும்பாமலே கையை நீட்டி என்னை நிற்கச் சொன்னார். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போன பிறகும் அப்பா படலையில் கை வைத்தபடி கனநேரம் நின்றார். உள்ளே வந்து பாயில் சரிந்தார். சோறும் வேண்டாம் என்றார்.

விடிந்ததும் அப்பா தேத்தண்ணிக்கடைக்குப் புறப்பட்டார். நான் டிவிடியைப் பையில் போட்டுக்கொண்டு பின்னால் போனேன். ஆட்களைக் கூப்பிடத்தான் போகிறார் என்று நினைத்தேன். மாமா இருந்தார், இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள், அந்த மனுசனும் இருந்தார்.

"வாங்கோ ராணியின்ர ஆள்" என்றார் மாமா. "இண்டைக்கு என்னவோ காட்டப்போறியளாம்?"

அப்பா நின்றுகொண்டே சொன்னார்: "ஒண்டும் இல்லை. நான் அந்தப் படத்தில நடிக்கேல்லை. சும்மா பகிடிக்குச் சொன்னனான். சுவருக்குப் பெயின்ற் அடிச்சது மட்டும்தான்."

சிரிப்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. மாமாவே குனிந்து தேத்தண்ணிக் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் மட்டும் வாங்கில் நகர்ந்து இடம் விட்டார்.

"இருங்கோ அண்ணை, இருங்கோ. மனுசர் எண்டால் ஏதும் சொல்லுறதுதானே. தம்பி, அண்ணைக்கு ஒரு பிளேன்ரீ."

அப்பா அவர் பக்கத்தில் இருந்தார். தேத்தண்ணியையும் குடித்தார். பையில் கையை விட்டு டிவிடியைப் பிடித்தபடி நான் நின்றேன். வெளியே எடுத்திருந்தால் அப்பாவை இரண்டாம் முறை பொய்யராக்கியிருப்பேன். எடுக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில், "ஏனப்பா இப்படிச் செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"பொய்யன் எண்டால் சிரிப்பாங்கள் பிள்ளை. சிரிச்சிட்டுப் போகட்டும். பொய்யனைத் தேடி ஒருத்தரும் வரமாட்டாங்கள்" என்றார் அப்பா.

அந்த மனுசன் கொஞ்சக் காலத்தில் கடையைப் பூட்டிவிட்டு வெளிநாட்டில் இருந்த மகளிடம் போய்விட்டார். போகும்போது எங்கள் வீட்டுக்கும் வந்து சொல்லிவிட்டுத்தான் போனார். நான் அறைக்குள் இருந்து வெளியே வரவில்லை. இப்போது எல்லாரும் போனில் படம் பார்க்கிறார்கள். சந்தி முகாமை எடுத்து அந்தக் காணியில் ஒருவர் மரக்கறிக் கடை போட்டிருக்கிறார். அந்த அரசி படத்தை எத்தனையோ பேர் முழுதாகப் பார்த்திருப்பார்கள். யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

போன பொங்கலன்று அதை ரீவியில் போட்டார்கள். நான் அம்மாவோடு அடுப்படியில் நின்றேன். மாமா செருப்பும் இல்லாமல் ஓடி வந்தார்.

"அத்தான்! அத்தான்! ரீவியைப் போடுங்கோ! நீங்கள் நிக்கிறியள்! கண்ணால கண்டனான்! கொடியோட நிக்கிறியள்!" மூச்சு வாங்கியது அவருக்கு. "நான் எவ்வளவு பிழையாக் கதைச்சுப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ அத்தான்."

கதிரையில் இருந்த அப்பா தலையை ஆட்டினார்.

"உனக்கென்ன விசரே? அது ஆரோ ஒரு நெட்டையன். நான் சுவருக்குத்தான் அடிச்சனான்."

"இல்லை அத்தான், உங்கட முகம்..."

"நானில்லை எண்டு சொல்லுறன்."

மாமா என்னைப் பார்த்தார். அந்த மனுசன் எந்தத் தேசத்தில் இருந்தாலும் நாசமாய்ப் போகட்டும் என்று நான் வாய்விட்டே சொன்னேன். அப்பா, "சத்தம் போடாதே" என்று எழும்பி, இழுப்போடு மெல்ல நடந்து படலைக்குப் போய், வெளியே யாரும் நிற்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்தார்.